ஐந்துக்கு ஐந்து போட்டுக்கொண்டவன் எழுதும் மடல்

கல்லூரியின் மருத்துவக் கல்விப் பிரிவினருக்கும் ஆசிரியர் மதிப்பீட்டுக் குழுவினருக்கும்,

வணக்கம்.

நீங்கள் அனுப்பிய சுயமதிப்பீட்டுப் படிவம் இந்த ஆண்டும் வந்து சேர்ந்தது. 24 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 1 முதல் 5 வரை கட்டங்கள். 'வகுப்புக்குத் தயாராகச் செல்கிறேன்', 'கற்றல் நோக்கங்களைத் தெளிவாகச் சொல்கிறேன்', 'மாணவர்களைக் கேள்வி கேட்கத் தூண்டுகிறேன்', 'பயனுள்ள பின்னூட்டம் தருகிறேன்' என்று வரிசையாகப் போகின்றன. கடைசிப் பக்கத்தில் துறைத்தலைவர் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறீர்கள். நிரப்பி, ஆண்டுப் பணி அறிக்கையோடு சேர்த்து மாதக் கடைசிக்குள் தர வேண்டும் என்கிறது சுற்றறிக்கை.

சென்ற ஆண்டு இதே படிவத்தை நான்கு நிமிடத்தில் நிரப்பினேன். புறநோயாளிப் பிரிவில், எக்ஸ்ரே எடுக்கப் போன நோயாளி திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. பெரும்பாலும் 4, சில இடங்களில் 5. மாணவர்களைக் கேள்வி கேட்கத் தூண்டுவதற்கு 5 போட்டது நன்றாக நினைவிருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. என் வகுப்பில் பேச்சு இருக்கும், சிரிப்பு இருக்கும், தூங்கி வழிகிற முகம் ஒன்றுகூட இருக்காது. அந்த 5 பற்றித்தான் இந்த மடல்.

என்னிடம் முதுநிலை படித்து இப்போது உடன் பணிபுரியும் இளையவர் ஒருவர், படுக்கையருகே நான் நடத்தும் வகுப்பை ஒருமுறை ஒலிப்பதிவு செய்து கேட்கச் சொன்னார். வேலையற்ற வேலை என்றுதான் தோன்றியது. ஆனாலும் அவர் விடவில்லை. நோயாளியிடமும் மாணவர்களிடமும் அனுமதி கேட்டு, கைப்பேசியைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். 22 நிமிட வகுப்பு. அன்றிரவு கேட்டேன். முதலில் என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை; எல்லோருக்கும் அப்படித்தானாம். கொஞ்ச நேரம் கழித்து ஒரு தாளை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தேன். நான் கேட்ட கேள்விகள் 31. அவற்றில் 19க்கு நானே பதிலும் சொல்லியிருந்தேன். மாணவர்கள் எட்டுப் பேரும் பேசியதையெல்லாம் கூட்டினால் மூன்று நிமிடம் தேறவில்லை.

இதைவிட என்னை உறுத்தியது ஓர் இடம். இதயத்தின் மிட்ரல் வால்வு சுருங்கிய நோயாளி அவர். அந்த நோயில் கேட்கும் இதய முணுமுணுப்பு மிகத் தாழ்ந்த ஒலி. நோயாளியை இடப்பக்கம் ஒருக்களிக்கச் செய்து, ஸ்டெதஸ்கோப்பின் பெல் எனப்படும் கிண்ணம் போன்ற பக்கத்தை இதய நுனியில் மெல்ல வைத்தால்தான் காதில் விழும். அழுத்திவிட்டால் போய்விடும். இதையெல்லாம் வரிசையில் முதலில் நின்ற மாணவருக்கு நான் அழகாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பதிவில் தெளிவாக இருக்கிறது. மற்றவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். ஆறாவதாக வந்த மாணவி ஸ்டெதஸ்கோப்பை வைத்துச் சற்று நேரம் பேசாமல் இருக்கிறார். பிறகு, "சார், எனக்குக் கேட்க..." என்று தொடங்குகிறார். நான் குறுக்கிட்டு, "கேட்கிறதல்லவா? அருமை! அடுத்தவர் வாருங்கள்" என்கிறேன்.

அவர் சொல்ல வந்தது 'கேட்கவில்லை' என்று. மூன்று முறை திருப்பிப் போட்டுக் கேட்டபின்தான் எனக்கு அது உறைத்தது. அந்தக் 'கேட்க'வுக்குப் பின்னால் அவர் மூச்சை இழுத்து நிறுத்தியது தெரிகிறது. வகுப்பில் எனக்கு அது தெரியவில்லை. அவருக்குப் பின் வந்த இருவரும் "கேட்கிறது சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். அவர்களுக்கு உண்மையிலேயே கேட்டதா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

வகுப்பறையில் கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காக எவ்வளவு நேரம் பொறுக்கிறார் என்பதை அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் அளந்து எழுதியிருக்கிறார். ஏறத்தாழ ஒரு நொடி. அதை மூன்று நொடியாக நீட்டினாலே மாணவர்களின் பதில் நீள்கிறது, வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள், மாணவர்களே கேள்வி கேட்கத் தொடங்குகிறார்கள். அவர் பார்த்தது பள்ளி வகுப்புகள். படுக்கையருகே நிற்கும் பேராசிரியர் அதைவிடப் பொறுமைசாலியாக இருப்பார் என்று நினைக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. என் பதிவில் ஒரு நொடிகூட இல்லாத இடங்கள் பல.

இப்போது உங்கள் படிவத்துக்கு வருகிறேன். 'மாணவர்களைக் கேள்வி கேட்கத் தூண்டுகிறேன்' என்பதற்கு நான் போட்ட 5 பொய்யன்று. பொய் என்றால் எனக்கே தெரிந்திருக்கும். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது இதுதான். முதுகைப் பற்றி 24 கேள்வி கேட்டு, கண்ணாடி ஒன்றும் தராமல், மாதக் கடைசிக்குள் பதில் எழுது என்கிறீர்கள்.

ஆசிரியர்கள் சுயமதிப்பீட்டை வெறுக்கிறார்கள் என்று சென்ற கூட்டத்தில் உங்களில் ஒருவர் வருத்தத்தோடு சொன்னார். நான் ஓய்வறையில் கேட்பது வேறு. தேநீர் ஆறிப்போகும் அளவுக்கு அன்றைய வகுப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். "இன்று அமில-கார சமநிலையை நடத்தினேன், ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை, எங்கே தப்பியது என்றே தெரியவில்லை" என்று உடலியங்கியல் ஆசிரியர் ஒருவர் அரைமணி நேரம் புலம்பினார். அதைவிடச் சிறந்த சுயமதிப்பீடு எது? அவரே உங்கள் படிவத்தில் எல்லாவற்றுக்கும் 4 போடுகிறார். ஏன் என்று கேட்டேன். "5 போட்டால் திமிர், 3 போட்டால் விசாரணை" என்றார். ஓய்வறையில் எல்லோரும் சிரித்தோம். ஒருவரும் மறுக்கவில்லை.

அந்த விசாரணை கற்பனையல்ல. உதவிப் பேராசிரியர் ஒருவர், பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், உள்ளதை உள்ளபடி எழுதினார். பின்னூட்டம் தருவதில் 2, சிறுகுழு விவாதத்தை நடத்துவதில் 2. மேலதிகாரி ஒருவர் அழைத்து, "ஏன் இப்படி எழுதியிருக்கிறீர்கள்? துறைக்கே கெட்ட பெயர் அல்லவா?" என்றார். அந்த 2ஐ எப்படி 3 ஆக்கலாம் என்று எவரும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு அவர் எல்லாவற்றுக்கும் 4 போட்டார். உங்கள் வரைபடத்தில் அது ஆசிரியர் மேம்பாடு என்று பதிவாகியிருக்கும்.

இது நம் கல்லூரியின் குறை மட்டுமன்று. தன்னைத் தானே எடைபோடும் தராசு எங்கும் இப்படித்தான் சாய்ந்திருக்கிறது. 1977இல் பட்ரீசியா கிராஸ் என்ற கல்வி ஆய்வாளர் வெளியிட்ட கணக்கு புகழ்பெற்றது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஆசிரியர்களில் 94 சதவீதம் பேர் தங்களைச் சராசரிக்கு மேலான ஆசிரியர்களாகக் கருதினார்கள். தலைசிறந்த கால்பகுதியில் தங்களை வைத்துக்கொண்டவர்கள் 68 சதவீதம்! ஒரு கால்பகுதிக்குள் 68 சதவீதத்தை அடைக்கும் கணக்கு நமக்கெல்லாம் வீட்டிலும் கைவந்ததுதான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு.

மருத்துவர்களுக்கு அளவிடும் பழக்கம் உண்டு, நாம் வேறு என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கும் வழியில்லை. மருத்துவர்கள் தங்கள் திறனைத் தாங்களே மதிப்பிட்டதையும் வெளியார் அளந்ததையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டிய கட்டுரை ஒன்று 2006இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. மொத்தம் 20 ஒப்பீடுகள். அவற்றில் 13இல் இரண்டுக்கும் தொடர்பு மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை, அல்லது நேர் எதிர். 7இல் மட்டுமே ஒத்துப்போனது. யாருடைய கணிப்பு மிகவும் பிசகியது என்பதுதான் கசப்பான செய்தி: திறன் மிகக் குறைந்தவர்களும், தன்னம்பிக்கை மிகுந்தவர்களும். நான் 5 போட்ட கட்டத்தை நினைத்துக்கொண்டேன்.

அப்படியானால் சுயமதிப்பீடே வீண் என்று தூக்கிப் போட்டுவிடலாமா? அதற்கு நான் உடன்படமாட்டேன். கனடாவைச் சேர்ந்த கெவின் ஈவா, க்ளென் ரெகெர் என்ற இரு ஆய்வாளர்கள் 2005 முதல் எழுதிவருவதில் எனக்கு வெளிச்சம் கிடைத்தது. 'நான் எவ்வளவு நல்ல மருத்துவர்' என்று மொத்தமாக எடைபோடுவது ஒன்று. 'இந்த நோயாளியிடம், இந்த நிமிடம், எனக்குத் தெரிந்தது போதுமா, நிறுத்தி யோசிக்க வேண்டுமா' என்று உணர்வது வேறொன்று. முன்னதில் நாம் தோற்கிறோம். பின்னதில் அவ்வளவு மோசமில்லை, பழகினால் கூர்மையாகிறது. கற்பித்தலுக்கும் இது அப்படியே பொருந்தும் என்பது என் அனுபவம். 'மாணவர்களை நன்றாகக் கேள்வி கேட்கத் தூண்டுகிறேனா' என்று என்னைக் கேட்டால் உளறுவேன். 'செவ்வாய்க்கிழமை வகுப்பில் ஆறாவது மாணவிக்கு முணுமுணுப்பு கேட்டதா, உனக்கு எப்படித் தெரியும்' என்று கேட்டால், விழிப்பேன். அந்த விழிப்பிலிருந்துதான் எனக்கு ஏதாவது பிறக்கும்.

எண்களை ஆண்டுக்காண்டு ஒப்பிட்டு வரைபடம் போடுகிறீர்களே, அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்திய கெல்லி ஸ்கெஃப் குழுவினர் 1992இல் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். பயிற்சிக்கு முன்பே தனக்கு மதிப்பெண் போடச் சொல்வது ஒரு வழி. பயிற்சி முடிந்தபின், 'முன்பு நான் எப்படியிருந்தேன்' என்று திரும்பிப் பார்த்துப் போடச் சொல்வது இன்னொரு வழி. திரும்பிப் பார்த்துப் போட்டது குறைவாக இருந்தது. நல்ல கற்பித்தல் எது என்று தெரிந்தபின், பழைய 4 அவர்கள் கண்ணிலேயே 4 ஆக நிற்கவில்லை. என் நிலையும் அதுவே. சென்ற ஆண்டு 5, இந்த ஆண்டு 2. உங்கள் வரைபடத்தில் நான் சரிந்துவிட்டேன். என்னைக் கேட்டால், இருபது ஆண்டில் நான் ஆசிரியனாக ஓரடி எடுத்துவைத்த ஆண்டு இதுதான்.

மாணவர் மதிப்பீடு இருக்கிறதே, அதைக் கொண்டு சரிபார்க்கலாமே என்பீர்கள். பார்க்கலாம், கண்ணைத் திறந்துகொண்டு. மருத்துவக் கல்வி வட்டாரத்தில் எல்லோரும் கேட்ட கதை, டாக்டர் ஃபாக்ஸ் சொற்பொழிவு. தொழில்முறை நடிகர் ஒருவரை அறிஞர் என்று அறிமுகப்படுத்தி, மருத்துவக் கல்வியில் கணித விளையாட்டுக் கோட்பாடு என்ற தலைப்பில் பேசவைத்தார்கள். முன்னுக்குப் பின் முரணான பேச்சு, புதிதாகப் புனைந்த சொற்கள், நடுநடுவே நகைச்சுவை. சரக்கு என்று ஒன்றும் கிடையாது. கேட்டவர்கள் உளவியலாளர்கள், மனநல மருத்துவர்கள், கல்வியாளர்கள். மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்தார்கள். 1973இல் இது கட்டுரையாக வந்தது. 2018இல் ஜெர்மனியில் இருந்து வந்த இன்னோர் ஆய்வில், மருத்துவ மாணவர் குழுக்களில் பாதிக்கு வகுப்பில் சாக்லேட் பிஸ்கட் வைத்தார்கள். பிஸ்கட் கிடைத்தவர்கள் ஆசிரியருக்கு மட்டுமல்ல, பாடப்பொருளுக்கும் கூடுதல் மதிப்பெண் தந்தார்கள். (இதைப் படித்துவிட்டு எங்கள் துறையில் பிஸ்கட் செலவு கூடினால் நான் பொறுப்பல்ல.)

என் வகுப்பின் சிரிப்பும் கலகலப்பும் எனக்கு மாணவர்களிடம் நல்ல மதிப்பெண்ணை வாங்கித் தந்திருக்கின்றன. அந்த ஆறாவது மாணவியும் எனக்கு நல்ல மதிப்பெண்ணே போட்டிருப்பார் என்று நினைக்கிறேன். பிழை எங்கே என்று என் படிவம், மாணவர் மதிப்பீடு என்ற இரண்டு தாள்களில் எதுவும் காட்டிக்கொடுக்கவில்லை.

ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கதை மாறுகிறது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டிலும் ஆம்ஸ்டர்டாமிலும் மருத்துவமனை ஆசிரியர்களுக்கு இப்படிச் செய்கிறார்கள். ஆசிரியர் தனக்கே ஒரு மதிப்பீடு எழுதுகிறார். அதே கேள்விகளுக்கு மாணவர்களோ பயிற்சி மருத்துவர்களோ எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றாக ஆசிரியர் கைக்குப் போகின்றன. எங்கே இடைவெளி விழுகிறதோ அங்கே பேச்சுத் தொடங்குகிறது. எண்ணுக்கு அங்கே மதிப்பு குறைவு, இடைவெளிக்குத்தான் மதிப்பு.

எனவே நான் கேட்பதைச் சொல்லிவிடுகிறேன். முதலாவதும் முடிவானதுமான வேண்டுகோள்: இந்தப் படிவத்தைப் பதவி உயர்வுக் கோப்பிலிருந்து வெளியே எடுங்கள். இதை மட்டும் செய்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் மறுத்தாலும் எனக்குச் சம்மதம். துறைத்தலைவர் கையெழுத்துப் போடும் தாளில் யாரும் தன் குறையை எழுதமாட்டார்கள். நோயாளிகூட, உறவினர் கூடி நிற்கும்போது குடிப்பழக்கத்தைச் சொல்வதில்லை. திரையை இழுத்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்க வேண்டும் என்று மாணவர்களுக்கு நாம்தானே சொல்லித்தருகிறோம்?

24 கேள்விகளுக்குப் பதிலாக, ஆண்டுக்கு நான்கு வகுப்புகளை மட்டும் ஆசிரியரே தேர்ந்தெடுக்கட்டும். ஒவ்வொன்றும் முடிந்த அன்றே அரைப்பக்கம் எழுதட்டும்: மாணவர்கள் எங்கே தடுமாறினார்கள், அது உனக்கு எப்படித் தெரிந்தது, அடுத்தமுறை எதை மாற்றுவாய். நடுக் கேள்விதான் உயிர். 'எப்படித் தெரிந்தது' என்பதற்கு 'முகத்தைப் பார்த்தேன்' என்று நான்கு முறை எழுதியவர், ஐந்தாவது முறை வேறு வழி தேடாமல் இருக்க முடியாது. அந்த வகுப்பில் இருந்த மாணவர்களும் இந்த மூன்றில் முதல் கேள்விக்கு ஒரு வரி எழுதித் தரட்டும். பெயர் வேண்டாம், மதிப்பெண் வேண்டாம். ஆசிரியர் தன்னுடையதை எழுதி முடித்தபிறகுதான் அவர்களுடையதைப் படிக்க வேண்டும். வரிசை மாறினால் பயன் கெட்டுவிடும்.

சக ஆசிரியர் ஒருவரும் வேண்டும். குழு அனுப்பும் ஆய்வாளராக இருக்கக் கூடாது. ஆசிரியர் தானே அழைப்பவராக இருக்க வேண்டும். என் இளையவர் எனக்குச் செய்த உதவி அது. அவர் என்னை எடைபோடவில்லை, கேட்டுப்பாருங்கள் என்று மட்டும் சொன்னார். அப்படிப் பார்க்கவும் பேசவும் ஆகும் நேரத்தைப் பணிநேரமாகக் கணக்கில் எழுதுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் செய்யச் சொன்னால் நான்கு நிமிடப் படிவமே திரும்பி வரும். ஒலிப்பதிவைப் பற்றி ஒன்று: கட்டாயமாக்காதீர்கள். நோயாளியின் சம்மதம், பதிவை அழிப்பது, யார் கையில் இருக்கிறது என்பதெல்லாம் சுற்றறிக்கையில் அடங்கும் சங்கதிகள் அல்ல. கட்டாயம் என்றானதும் அதற்கென்று ஒரு நல்ல வகுப்பை நடித்துக் காட்டுவோம். டாக்டர் ஃபாக்ஸ் ஒருவர்தானா என்ன?

'அப்படியென்றால் மோசமான ஆசிரியரை எப்படிக் கண்டுபிடிப்பது' என்ற கேள்வி உங்கள் மேசையில் இருக்கும். நியாயமான கேள்வி. ஆனால் அவரிடமே கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. அறுவை மருத்துவரைக் கூப்பிட்டு 'உங்கள் தையல் எத்தனைக்கு எத்தனை' என்று யாரும் கேட்பதில்லை. சீழ் வைத்த காயங்களை எண்ணுகிறார்கள். வகுப்புக்கு வராத ஆசிரியரை வருகைப் பதிவேடு சொல்லும், மாணவரை அவமதிப்பவரைப் புகார் சொல்லும், சொல்லிக்கொடுத்த திறன் மாணவர் கையில் ஏறவில்லை என்பதைச் செய்முறைத் தேர்வு சொல்லும். அந்த வேலைகளைச் செய்ய மனமில்லாமல் ஆசிரியரின் வாக்குமூலத்தை நம்பியிருப்பது நிர்வாகத்துக்கு எளிது, அவ்வளவுதான்.

இன்னொன்று. நம் மாணவர்களையும் ஒவ்வொரு பணிச்சுற்று முடிந்ததும் தன்னாய்வுக் குறிப்பு எழுதச் சொல்கிறோம். அதற்கு மதிப்பெண்ணும் போடுகிறோம். வருகிற குறிப்புகளைப் பாருங்கள்: 'இந்நிகழ்வு என்னை ஆழமாகச் சிந்திக்க வைத்தது' என்று நாற்பது பேரும் எழுதியிருப்பார்கள். யாரிடம் கற்றார்கள் என்று வியக்க வேண்டியதில்லை.

ஆறாவது மாணவியை அடுத்த வாரம் மறுபடி அதே நோயாளியிடம் அழைத்துப் போனேன். மற்றவர்கள் இல்லை. பெல்லை மெல்ல வைக்கச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன். எனக்கு அது எளிதாக இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது நொடிக்கு மேல் ஆயிற்று. பிறகு அவர் முகம் மாறியது. "சார், இது முன்னாடியே இருந்ததா?" என்றார்.

இந்த ஆண்டுப் படிவத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். 23 கேள்விகளுக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. 'மாணவர்களைக் கேள்வி கேட்கத் தூண்டுகிறேன்' என்பதற்கு 2 என்று எழுதி, அதன் கீழே 31, 19 என்ற இரண்டு எண்களையும் குறித்திருக்கிறேன். துறைத்தலைவர் கையெழுத்துக்கான இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.

என் படுக்கையருகு வகுப்பு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. உங்களில் யாரேனும் ஒருவர் வந்தால் மகிழ்வேன். படிவம் எதுவும் கொண்டுவர வேண்டாம்; நொடிமுள் உள்ள கைக்கடிகாரம் போதும். பின்னால் நின்று, நான் கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் பொறுத்தேன் என்று மட்டும் குறித்துக்கொடுங்கள்.

இப்படிக்கு,
பொது மருத்துவத் துறை ஆசிரியர் ஒருவர்